ஒளி மங்கியதும் கோள் என்று சொல்லிவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர், மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவையும் இறக்கிப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதுதான். கோள் குறுக்கே கடந்தால் விண்மீனின் ஒளி கொஞ்சம் மங்கும். அதனால் ஏதாவது ஒரு விண்மீனின் ஒளி குறைந்து மறுபடி ஏறினால், "கோள் கிடைச்சிருச்சு" என்று ஓடி வருகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவசரப்படக் கூடாத இடமும் அதுதான்.

முதலில் அளவு. வியாழனின் விட்டம் சூரியனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒளியும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைத்துவிடுகிறார்கள். மறைவது பரப்பு, அது நூறில் ஒன்று. பத்துக்குப் பத்தாக நூறு ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் ஒரே ஒரு கல்லை மூடியது மாதிரி. சூரியனைப் போன்ற விண்மீனின் ஒளி கால்வாசி குறைந்தால் அதை மறைத்தது கோள் இல்லை, இன்னொரு விண்மீன்.

சரி, ஒரு விழுக்காடுதான் குறைகிறது. அப்போதும் நம்பிவிட முடியாது. டெஸ் கேமராவின் ஒரு பிக்சல், முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய 90இல் ஒரு பங்கு வானத்தை அடைத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து விண்மீன்கள் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் மங்கலான இரட்டை விண்மீன் அருகில் இருந்தால், அதன் பெரிய இறக்கம் பிரகாசமான விண்மீனின் ஒளியில் கரைந்து, ஒரு விழுக்காடாகத் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்க நம் மாடித் தொலைநோக்கியே பல நேரம் போதும். எந்தப் புள்ளி மங்குகிறது என்று நேரில் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று இறக்கத்தின் ஆழம் மாறினாலும் இரட்டை விண்மீன் என்றே சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் எடை. விண்மீனாக முடியாமல் போன பழுப்புக் குறுமீன்களும் மிகச் சிறிய சிவப்புக் குறுமீன்களும் வியாழன் அளவே இருக்கும். நிழல் அளவைத்தான் சொல்லும், எடையைச் சொல்லாது. சுற்றுவதன் இழுப்பில் விண்மீன் முன்னும் பின்னும் எவ்வளவு அசைகிறது என்று, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் அளக்க வேண்டும். டெஸ் காட்டிய டிஓஐ-1789 விண்மீனை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அபு மலையிலிருந்து அப்படி அளந்தபின்தான், 2021இல் அங்கே வாயுக்கோள் என்று அறிவித்தார்கள். எடை வியாழனில் ஏறக்குறைய 70 விழுக்காடு, சுற்றுக்காலம் 3.2 நாள்.

மாடியில் நடக்கும் தவறுகளும் உண்டு. விண்மீன் மேற்கே சாயச் சாயக் காற்று தடித்து, ஒளி தானே மங்கும். நானும் ஒருமுறை அதைக் கோளின் இறக்கம் என்று நம்பியிருக்கிறேன். அதே படத்தில் இருக்கும் வேறு சில விண்மீன்களோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். சித்திரையில் தளம் இரவிலும் அனல் விட்டுப் படத்தை நடுங்க வைக்கும். கோள் எப்போது குறுக்கே கடக்கும் என்று வெளிவரும் கால அட்டவணைகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால் அந்த இரவே வீண்.

பழகிக்கொள்ள ஹெச்டி 209458 நல்லது. 1999இல் ஒரு கோள் குறுக்கே கடப்பதை முதன்முதலில் பார்த்தது இந்த விண்மீனில்தான். 3.5 நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய 3 மணி நேரம், ஒன்றரை விழுக்காடு குறையும். ஐப்பசியில் முன்னிரவில் நம் தலைக்கு மேலேயே வரும். மழை விட்ட இரவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.