முதலில் கல், அப்புறம்தான் மணல்

இரவு இரண்டு மணிக்கு ஹாலில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆறடி மீன் தொட்டிக்குள் நான் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிய பாறைக்குன்று முன்பக்கம் சரிந்து கிடந்தது. கண்ணாடியில் விரல் நீளத்துக்குக் கீறல். விரிசல் விடாதது என் அதிர்ஷ்டம். செய்தது ஒரு மலாவி சிக்லிட், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மீன். அடிக்கல்லுக்குக் கீழே இருந்த மணலை வாய் வாயாக அள்ளி வெளியே துப்பியிருந்தது. தோண்டுவது அதன் குணம், அதைத் திட்ட முடியாது. மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை வைத்தவன் நான்தான்.

கல் தொட்டியின் தரையில் உட்கார வேண்டும்; மணல் அதைச் சுற்றி வர வேண்டும். அதற்காக வெறும் கண்ணாடி மேலும் வைக்கக் கூடாது. கல்லின் கூர்முனை படுகிற ஒரே புள்ளியில் மொத்தப் பாரமும் இறங்கும். கூரை விளக்குகளின் முன்னால் மாட்டுவார்களே, கட்டம் கட்டமான வெள்ளை பிளாஸ்டிக் தட்டி, அதைப் பாறை நிற்கப்போகிற இடத்துக்கு மட்டும் வெட்டிப் போடுகிறேன். கல்லின் முனைகள் கட்டங்களுக்குள் பிடித்துக்கொள்ளும், நழுவாது. தொட்டி முழுக்கப் போட வேண்டியதில்லை.

கல் தேர்வில் அழகைவிட அடிப்பக்கம் முக்கியம். எந்தக் கல்லுக்கும் தானாக உட்காருகிற ஒரு முகம் உண்டு. தரையில் நாலைந்து முறை புரட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். சந்தேகமான கல்லில் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் ஏற்றும். மலாவி மீன்களுக்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் அது நல்லது, மென்னீர் மீன்களுக்கு ஆகாது. சுத்தம் செய்யப் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். கல்லை வேகவைக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கடல் தொட்டியிலிருந்து எடுத்த கல்லாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது: அதில் ஒட்டியிருக்கும் சில ஜோவாந்திட் பவளங்களின் நஞ்சு நீராவியோடு மூச்சில் ஏறி ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

அடுத்த வேலை தொட்டிக்கு வெளியே. தொட்டியின் அடி அளவுக்கு அட்டை வெட்டித் தரையில் விரித்து, நான்கு பக்கமும் 10 செ.மீ. உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கல்லும் போகக் கூடாது. பாசி சுரண்டும் காந்தம் நுழையவும், பின்னால் தண்ணீர் ஓடவும் அந்த இடைவெளி வேண்டும். தொட்டியின் மேலே குறுக்குச் சட்டம் இருந்தால் அதன் வழியே கல் நுழையுமா என்றும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். நான் அளக்காமல், ஆசை ஆசையாகப் பொறுக்கிய கல்லை வராந்தாவில் அலங்காரமாக வைத்திருக்கிறேன்.

சரி, அடுக்கலாம். பெரிய கற்கள் அடியில். மேலே வருகிற ஒவ்வொரு கல்லும் கீழே குறைந்தது மூன்று இடத்தில் தொட வேண்டும், அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவில் அதன் கனம் விழ வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் தொட்டால் அது ஊஞ்சல். ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். எதிர்மூலை எழும்பினால் கல்லைத் திருப்பி வையுங்கள். மெல்லிய சில்லை ஆப்பாகச் செருகி ஆட்டத்தை மறைப்பது எனக்குப் பிடிக்காது, ஒரு மீன் மோதினால் அது வெளியே வந்துவிடும். கொத்தனார் செங்கல் வைப்பது போல, கீழ் வரிசையின் இடுக்கு மேல் அடுத்த வரிசைக் கல்லின் நடுப்பகுதி வரட்டும். குகைகளுக்கு இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால் துரத்துகிற மீன் அங்கேயே அடுத்ததை மடக்கிவிடும்.

இப்போதுதான் பசை. பசை இல்லாமலே நிற்கிற அடுக்குக்குத்தான் நான் பசை போடுவேன். பசையை நம்பி நிற்கிற அடுக்கைக் கலைத்துவிடுவேன். தூசி படிந்த கல்லிலும் ஈரக் கல்லிலும் சிலிக்கான் பசை சரியாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கானை வாங்கவே வாங்காதீர்கள். போட்ட பிறகு புளிப்பு வாடை அடியோடு போகும்வரை தண்ணீர் விடக் கூடாது. இரண்டு பொருளைப் பிசைந்து போடும் எப்பாக்ஸி மாவு தண்ணீருக்குள்ளும் இறுகும், ஆனால் அது இடுக்கை நிரப்புவதில்தான் கெட்டி, ஒட்டுவதில் சுமார். மாவு உருண்டையின் இரு பக்கமும் ஜெல் வடிவ சூப்பர் குளூ தடவி நடுவில் வைத்து அழுத்தினால் பிடி வரும். வளைவோ துருத்தலோ வேண்டுமென்றால் பசை போதாது. இரண்டு கல்லிலும் 10 மி.மீ. துளை போட்டு 8 மி.மீ. அக்ரிலிக் கம்பியைச் செருகுங்கள். பேட்டரி டிரில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். இரும்பும் செம்பும் உள்ளே போகவே கூடாது.

ஒவ்வொரு வரிசையையும் போட்டோ எடுத்து, சாக்பீஸால் எண் போட்டுக் கலைத்துவிட்டு, அதே வரிசையில் தொட்டிக்குள் மறுபடி கட்டுங்கள். பிறகு மணல், கடைசியில் தண்ணீர்.

பலர் கவனிக்காத ஒன்று, கல்லின் எடை தண்ணீருக்குள் மாறுவது. 10 கிலோ கருங்கல் முழுகியதும் 6 கிலோவுக்குச் சற்று மேல்தான் அழுத்தும். அப்படியானால் பாதித் தண்ணீர் இறைக்கிற நாளில், வெளியே தெரிகிற மேல் கற்கள் திடீரென்று முழுக் கனத்தோடு கீழ் வரிசையை அழுத்தும். தளர்ந்த அடுக்கு அசைய நல்ல வாய்ப்பு அன்றுதான். அதனால் தண்ணீர் மாற்றும்போது குன்றின் பக்கம் கை வைக்காமல் மெதுவாக இறைக்கிறேன், நிரப்பிய பிறகு மேல் கல்லை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

அந்த சிக்லிட் இன்னும் தோண்டுகிறது. வாரத்துக்கு ஒருமுறை கல்லடியில் வெள்ளைத் தட்டி பளிச்சென்று தெரியும். மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடுவேன்.