தாத்தாவின் காலணாவில் படிந்த பச்சை

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் தாத்தாவின் தங்கநிற பாக்கெட் டப்பாவைத் திறந்ததும் மனசு பதறிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் 1835ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி செப்புக் காலணா. அதன்மேல் பச்சையாக, பிசுபிசுவென்று பசை.

"புளி போட்டுத் தேய்டா, பளிச்சுனு ஆயிடும்" என்றார் அம்மா. குடத்துக்குச் சரி. காசில் வருடக்கணக்காகப் படிந்த பழுப்பைப் புளி அரித்துவிடும். போனால் திரும்ப வராது.

பசை, பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையிலிருந்து கசிந்தது. வேலூர் வெயில் அதற்குத் தோது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் பசையைக் கரைக்கும் கலப்பில்லாத அசிட்டோன் திரவத்தை ஊற்றிக் காசைப் பத்து நிமிடம் போட்டேன். புதிதாக ஊற்றி இன்னொரு முறை. தேய்க்கவே இல்லை. கம்பெனிச் சின்னத்தின் சிங்கங்கள் தெளிந்தன! எடை சுமார் 6.5 கிராம், அசலுக்கு அதுதான் கணக்கு.

டப்பா வெறும் முலாம், அதனால் அதை மெல்லிய துணியால் துடைத்ததோடு சரி. காசு இப்போது காகித உறையில் தனியாக இருக்கிறது.