பொய்ப் புகார் வேறு, பொய் வழக்கு வேறு: பாலியல் குற்றச்சாட்டுகளில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாராஷ்டிர மாநிலத்தில் 2003 ஜூன் 5 இரவு, வயலோரக் குடிசை ஒன்றில் கொள்ளையர்கள் புகுந்தார்கள். ஐந்து பேரைக் கொன்றார்கள். தாயையும் பதினைந்து வயது மகளையும் வன்புணர்ந்தார்கள். மகள் இறந்துவிட்டாள், தாய் உயிர் தப்பினார். அடுத்த சில நாட்களில் போலீஸ் காட்டிய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டி நான்கு பேரை அவர் அடையாளம் காட்டினார்.

அந்த நால்வரைப் போலீஸ் பிடிக்கவே இல்லை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த வேறு ஆறு பேரைப் பிடித்தது. 2006-ல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதில் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம், 2019 மார்ச் 5 அன்று, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. அவர்களில் ஒருவர் சம்பவம் நடந்தபோது சிறுவன்.

இந்த வழக்கில் பொய்ப் புகார் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. குற்றம் நடந்தது. தாய் தன்னால் முடிந்ததைச் சொன்னார். ஆனாலும் ஆறு பேர் மீது போட்டது பொய் வழக்குதான். நம் பேச்சில் 'பொய்க் கேஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் குழப்பத்திலிருந்து வருபவை.

விடுதலை என்றாலே புகார் பொய் என்று முடிவுகட்டுவது

ஒருவர் விடுதலையானதும் நம் ஊர் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் உடனே வரும் பேச்சு, "பாரு, பொய்க் கேஸ் போட்டிருக்காங்க." நம் நாட்டில் வன்புணர்வு வழக்குகளில் தண்டனை கிடைப்பது சுமார் நான்கில் ஒன்றுக்குத்தான். மீதி எல்லாம் பொய் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்வது பெரிய பிழை. நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டதா? சாட்சி பிறழ்ந்திருக்கலாம். மருத்துவப் பரிசோதனை தாமதமாகி மாதிரி அழிந்திருக்கலாம். விசாரணை அதிகாரி உடைகளைச் சரியாக முத்திரையிடாமல் அனுப்பியிருக்கலாம். இப்படி ஒரு ஓட்டை இருந்தால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும், போகவும் வேண்டும். புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

போலீஸ் ஆவணங்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. விசாரணையில் மூடப்படும் வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 'பொய்' என்றும், 'உண்மை, ஆனால் ஆதாரம் போதவில்லை' என்றும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. ஒருவர் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தார் என்றால் அதுவும் தனியாக நிரூபிக்கப்பட வேண்டிய குற்றம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 248-வது பிரிவில், கடுமையான குற்றத்தைப் பொய்யாகச் சுமத்தினால் பத்தாண்டு வரை சிறை உண்டு. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்பது எவ்வளவு தப்போ, ஆதாரமில்லாமல் ஒருவரைப் பொய்க்காரி என்பதும் அவ்வளவு தப்பு.

பெண் நடந்துகொண்ட விதத்தை வைத்து உண்மையை எடை போடுவது

ஏன் கத்தவில்லை, ஏன் அன்றே சொல்லவில்லை, ஏன் அழாமல் பேசுகிறாள் என்று கேட்கிறோமே, நீதிபதிகளும் இதே கேள்விகளில் விழுந்திருக்கிறார்கள். பஞ்சாபில் 1984-ல் தேர்வு எழுதிவிட்டு நடந்து வந்த ஒரு பள்ளி மாணவியைக் காரில் கடத்தி வன்புணர்ந்தார்கள். விசாரணை நீதிமன்றம் அவளை நம்பவில்லை. காரணங்களில் ஒன்று, அந்தக் கார் எந்தக் கம்பெனியுடையது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்! புகார் தாமதமானதையும் அவள் கூச்சல் போடாததையும் சேர்த்துக்கொண்டு, அவள் நடத்தையைப் பற்றியும் தீர்ப்பில் எழுதி, எல்லோரையும் விடுவித்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. கிராமத்துப் பெண்ணுக்குக் கார் வகை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, குடும்ப மானத்தை நினைத்துத் தயங்குவதால் தாமதம் வருவது இயல்பு என்று விளக்கியது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும் தீர்ப்பு அது. அவளுக்கு நியாயம் கிடைக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

சரி, அப்படியானால் பெண் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டுமா? அப்படியும் சட்டம் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவரின் ஒரே சாட்சியம் தண்டனைக்குப் போதும், ஆனால் அது தொடக்கம் முதல் கடைசி வரை முரணில்லாமல், மற்ற சூழ்நிலைகளோடு பொருந்தி, குறுக்கு விசாரணையிலும் அசையாமல் நிற்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று 2012-ல் அதே உச்ச நீதிமன்றம் விளக்கியது. சொன்னதைச் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். சோதனை சம்பவத்தைப் பற்றி இருக்கட்டும். அவள் உடுத்திய உடை, பழகிய ஆண்கள், அழுத அழுகை, இவற்றைச் சோதித்து எந்த உண்மையும் வெளிவரப் போவதில்லை.

ஆள் மாறியதைப் பொய் என்று நினைப்பது

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவி அவர் வீட்டிலேயே வன்புணர்வுக்கு ஆளானார். எப்படியாவது உயிர் பிழைத்து இவனை அடையாளம் காட்டிவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு போலீஸ் காட்டிய படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். சந்தேக நபரையும் வேறு சிலரையும் வரிசையாக நிறுத்திக் காட்டும் அடையாள அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். படத்தில் காட்டிய ஆளும் இவர்தான் என்று போலீஸார் அவரிடம் சொல்ல, இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. மறுவிசாரணையின்போது உண்மையான குற்றவாளியையே கூண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். அவர் மனதில் இருந்த முகம் அதற்குள் காட்டனின் முகமாக மாறிப்போயிருந்தது. 1995-ல் மரபணுச் சோதனை காட்டனை விடுவித்தபோது பத்தாண்டுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது.

அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்லும் சாட்சி சரியாகத்தான் சொல்வார் என்று நாம் நினைக்கிறோம், அதுதான் பிழை. பின்னாளில் இருவரும் நண்பர்களாகி, அடையாள அணிவகுப்பு முறையை மாற்றச் சேர்ந்தே ஊர் ஊராகப் பேசினார்கள். சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரி அணிவகுப்பை நடத்த வேண்டும், சாட்சிக்கு 'சரி', 'தப்பு' என்று எந்தக் குறிப்பும் கொடுக்கக் கூடாது என்பவைதான் அவர்கள் கேட்ட மாற்றங்களின் சாரம். நம் ஊரில் கைதானவர் படம் அன்று மாலையே செல்போனுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு நடக்கும் அணிவகுப்புக்கு என்ன மதிப்பு இருக்கும்? படத்தைப் பகிர்ந்தவர்களுக்குத் தாங்கள் வழக்கைக் கெடுத்தது தெரியவே தெரியாது. அப்புறம், பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ பகிர்வது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

பழியை எப்போதும் பெண்ணின் மேல் போடுவது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தில்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013-ல் தீர்ப்பளித்த வன்புணர்வு வழக்குகளைப் பத்திரிகையாளர் எஸ். ருக்மிணி 'தி ஹிந்து' நாளிதழுக்காக ஒவ்வொன்றாகப் படித்தார். முழுமையாக விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஐந்தில் இரண்டு, இளம் ஜோடி விரும்பி ஓடிப்போனது போன்ற சம்மத உறவுகள். புகார் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்ணின் பெற்றோர். இன்னொரு கால்பங்கு, திருமண வாக்குறுதி மீறப்பட்ட வழக்குகள்.

நம் ஊரிலும் கதை வேறில்லை. பெண்ணுக்குப் பதினேழு, பையனுக்குப் பத்தொன்பது, சாதி வேறு. இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போனதும் மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்கில், அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டதே அந்தப் பெண்ணும் அவள் தாயும்தான். சிறாரைக் காக்க வந்த சட்டம் பதின்பருவக் காதலைத் தண்டிக்கவா வந்தது என்ற கேள்வியை நீதிமன்றம் விரிவாகவே பேசியது. 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, காதல் உறவு தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். இத்தகைய வழக்குகளில் பொய் சொன்னது யார்? அந்தப் பெண் அவன் பக்கம்தான் நிற்கிறாள். ஆனால் 'பொய்க் கேஸ் பெருகிவிட்டது' என்று பேசும்போது குற்றவாளிக் கூண்டில் நாம் நிறுத்துவது அவளைத்தான்.

திருமண வாக்குறுதி வழக்குகளுக்கு ஒரு வரி போதும்: கல்யாணம் நடக்காமல் போனது மட்டும் குற்றமில்லை, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

பெண்களைப் பொய்க்காரிகளாக்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கு வாச்சாத்தியைவிட வேறு சான்று வேண்டாம். 1992 ஜூனில் அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் 18 பேர் வனத்துறையினராலும் போலீஸாராலும் வன்புணர்வுக்கு ஆளானார்கள். சந்தனக் கடத்தல் வழக்கில் சிறைக்குப் போனதும் அவர்களேதான். பிறகு அரசு ஊழியர்கள் 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-ல்.

வழக்கு முடியும் முன்பே தண்டனை கேட்பது

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மீது பூத் தூவினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. போலீஸ் வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டது, பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும், செத்தவர்களில் மூன்று பேர் சிறார்கள் என்றது அந்த அறிக்கை. அந்த நால்வரும் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சோதித்துச் சொல்ல முடியாது. முதலில் சொன்ன மகாராஷ்டிர வழக்கின் ஆறு பேரையும் 2003-லேயே சுட்டிருந்தால் அன்றும் யாராவது பூத் தூவியிருப்பார்கள்.

இரு வீட்டாரும் பதற்றத்தில் செய்யும் தவறுகள்

குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் முதலில் செய்வது, பெண் வீட்டுக்குப் போய்ப் பேசுவது. தயவுசெய்து போகாதீர்கள். நல்லெண்ணத்தில் போனாலும் சாட்சியை மிரட்டியதாக அது மாறும், ஜாமீனுக்கே ஆபத்து. ஊர்ப் பெரியவரை வைத்துப் பணம் கொடுத்து முடிப்பதும் வேண்டாம். சிறுமியிடம் அத்துமீறிய ஆசிரியர் மீதான வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்தது செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயத்தில் செல்போன் உரையாடலை அழிக்காதீர்கள். நிரபராதியாக இருந்தால் அதுவே உங்கள் சாட்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்திருந்தால் அங்கிருக்கும் சிசிடிவி பதிவை வழக்கறிஞர் மூலம் உடனே கேளுங்கள். பல கருவிகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

பாதிக்கப்பட்டவரின் வீட்டார் அந்தப் பெண்ணைக் குளிக்கச் சொல்வதும், உடையைத் துவைத்துப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. உடையைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பியனுப்ப அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. புகார் 'பலமாக' இருக்கட்டும் என்று நடக்காத ஒன்றைச் சேர்த்தோ இல்லாத ஒருவர் பெயரைச் சேர்த்தோ எழுதாதீர்கள். உண்மையான புகார் நீதிமன்றத்தில் உடைவது பல நேரம் அந்த ஒரு வரியால்தான்.

அந்த மகாராஷ்டிர வழக்கில் ஆறு பேருக்கும் தலா ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினாறு வருடச் சிறைக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 86 ரூபாய் வருகிறது. அந்தத் தாய் ஆல்பத்தில் காட்டிய நான்கு பேர் மீது, அந்தத் தீர்ப்பு வந்த நாள்வரை, எந்த விசாரணையும் நடந்திருக்கவில்லை.