பழைய செயின்சாவை மறுபடி ஓட வைப்பது எப்படி? முதல் முறை கை வைப்பவர்களுக்கு

பழைய செயின்சா சேர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கண் வைப்பது 1940கள், 50களின் ராட்சத மெஷின்கள் மீதுதான். இரண்டு பேர் பிடித்து அறுப்பது, கியர் பெட்டி வைத்தது, இப்படி. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஒரு கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாள்) கிழிந்தால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவீர்கள்? முதல் மெஷினாக நான் சொல்வது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1960களில் அமெரிக்காவில் வந்தது, 54 சிசி, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் எடை சுமார் 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ. 1949-இல் மெக்கல்லாக் 3-25 மாடல் 25 பவுண்டில் வந்ததே அந்தக் காலத்தில் எடை குறைந்த மெஷின் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்-12 ஏராளமாக விற்றதால் அங்கே கராஜ் சேல்களில் இன்றும் தட்டுப்படும், பாகங்களும் இபேயில் கிடைக்கும்.

வாங்கும் முன்

"முன்னாடி நல்லா ஓடிச்சு" என்று விற்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினை அப்படியே தொங்க விடுங்கள். கயிறு விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் வலு) இருக்கிறது, சர்ரென்று இறங்கினால் யோசியுங்கள். அப்புறம் சைலன்சரைக் கழற்றி, துவாரம் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். இதுதான் முக்கியம். பிஸ்டனின் பக்கவாட்டு மழமழவென்று இருந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. மேலும் கீழுமாக ஆழக் கீறல் விழுந்து அலுமினியம் இழுபட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள். கம்ப்ரஷன் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் 120 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டுவது நல்லது, 90-க்குக் கீழே போனால் நான் தொட மாட்டேன். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி வைத்திருந்தால் கேஜ் கூடுதலாகக் காட்டும், அந்த வேலையும் நடக்கும்.

கழற்றுவதும் கழுவுவதும்

ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம். இதில் சோம்பல் கூடாது. மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் போதும், பல வருட ஆயில் அழுக்கு ஊறி வந்துவிடும். பாடி மெக்னீசியம் என்பதை மறக்காதீர்கள். ஆசிட் கலந்த கிளீனர் அதை அரித்துவிடும். கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் பறக்கும் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் அந்தத் தீ இன்னும் மோசமாகும். இரும்பு போல்ட் மெக்னீசியத்தோடு ஒட்டிப் போயிருந்தால் துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள், அதற்கும் அசையாவிட்டால், பக்கத்தில் பெட்ரோல் எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஹீட் கன்னால் இதமாகச் சூடு காட்டுங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் போல்ட் தலை முறியும், இல்லை மரை போய்விடும்.

கரண்ட்

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி சிலிண்டரில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பொறி வரவில்லையா? காயில் (பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் கம்பிச்சுருள்) போச்சு என்று உடனே முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் பாயிண்ட்தான் (அந்த மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) அழுக்குப் பிடித்திருக்கும். எக்ஸ்எல்-12-இல் அது ஃப்ளைவீலுக்கு (எஞ்சினோடு சுற்றும், காந்தம் பதித்த சக்கரம்) அடியில் இருக்கிறது. ஃப்ளைவீல் நட்டைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க, பிளக் துவாரம் வழியே சுத்தமான கயிற்றை உள்ளே விட்டுப் பிஸ்டனை முட்ட வையுங்கள் (கயிற்று முனையை வெளியே விட்டு வையுங்கள், பிறகு எடுக்க வேண்டுமே). ஃப்ளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுக்கவும், சுத்தியல் வேண்டாம். பாயிண்ட்டை நைஸ் உப்புத்தாளால் ஓரிரு முறை தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த தாளை நடுவே விட்டு இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம் விட்டால் சரி.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

ஓடாத மெஷின்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கோளாறு. ரப்பர் குழாய் பிஸ்கட் மாதிரி உடையும், டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகக் கிடக்கும். குழாய், ஃபில்டர் இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் குழாயாக வாங்குங்கள், அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். உள்ளே இருப்பது டில்லட்சன் எச்எஸ் கார்புரேட்டர். இதில் மிதவை கிடையாது, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு தாளம் போட்டுத்தான் பெட்ரோலை இழுக்கிறது, அது வயதாகி விறைத்துப்போனால் மெஷின் இருமிவிட்டு நின்றுவிடும். ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுங்கள். எது கேஸ்கெட், எது டயாஃப்ரம், எது முதலில் போக வேண்டும் என்பது மாறினால் எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது, எடுத்த படங்கள் இங்கே கைகொடுக்கும். எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று பெட்ரோல் அளவை மாற்றும் இரண்டு திருகுகள் இருக்கும். இரண்டையும் மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். தொடங்க அது போதும்.

ஆயில் கலவையில் ஒரு குழப்பம் வரும். பழைய ஸ்டிக்கரில் 16-க்கு 1 (16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று இருக்கும். அது அந்தக் காலத்து ஆயிலுக்கு. இப்போதைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 32-க்கு 1 போடுகிறேன், ஒரு லிட்டருக்கு சுமார் 31 மி.லி. டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

கிளம்பிய பிறகு எச் திருகை நெருக்கிக் கிறீச்சென்று கத்த வைக்க ஆசை வரும். வேண்டாம். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் ஒட்டும். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுக்கும்போது கொஞ்சம் தடதடத்து, மரத்தில் வைத்ததும் சீரானால் அதுதான் சரியான அளவு.

செயினும் கையும்

உங்கள் மெஷின் பழசாக இருக்கலாம், செயின் புதுசாக இருக்கட்டும். 1946-இல் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கொறிப்பதைப் பார்த்து வடிவமைத்த பல்லைத்தான் இன்றைய செயின்களும் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. அது விற்பனைக்கு வந்தது 1947-இல். பாரில் குத்தியிருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள், கண் மதிப்பு ஆகாது. சாதாரண 3/8 அங்குலச் செயினைத் தீட்ட 7/32 அங்குல உருண்டை அரம். எக்ஸ்எல்-12-இல் செயினுக்கு ஆயில் தானாக வராது, அறுக்கும்போது கட்டைவிரலால் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதில் செயின் பிரேக் கிடையாது. பார் நுனி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த ஒன்றும் இல்லை. காலுக்குப் பாதுகாப்பு உறை, கண்ணாடி, காது மூடி இல்லாமல் தொடாதீர்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இல்லாததால் விரல் மரத்துப் போகும், தொடர்ந்து அறுக்காமல் நடுநடுவே ஓய்வு கொடுங்கள்.

பெயிண்ட் அடிக்கலாமா என்றால், என் கட்சி வேண்டாம் என்பதுதான். தேய்ந்த அசல் பெயிண்ட்டும் ஸ்டிக்கரும் இருக்கிற மெஷினைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விட்டு வையுங்கள்.