வேப் காயில் செலவு பாதியான விதம்

வேப்பில் (மின்-சிகரெட்டில்) காசைக் கரைப்பது கருவி அல்ல, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’தான். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு கலந்த ஜூஸ் (வேப் திரவம்) கம்பியில் கருகி, கரும்பிசினாகப் படிந்துவிடும். சீக்கிரமே கருகல் வாடை. இனிப்பில்லாத ஜூஸுக்கு மாறியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதி தீர்ந்தது, நாமே கம்பி சுற்றிப் பொருத்தும் அடாமைசரில் (காயிலும் பஞ்சும் இருக்கும் பகுதி). 26 கேஜ் தடிமனில் காந்தல் (இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை) கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று: மின்தடை சுமார் 0.8 ஓம் வரும். ஓம் மீட்டரில் பார்க்காமல் பட்டனை அழுத்தவே கூடாது. கம்பி நுனி வேறு உலோகப் பகுதியில் பட்டிருந்தால் ஷார்ட் சர்க்யூட். ஜூஸை உறிஞ்சித் தரும் பஞ்சு காயிலுக்குள் லேசாக உரசியபடி நகர வேண்டும். இறுகினால் ஜூஸ் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். பஞ்சை ஜூஸில் நனைத்து 5 நிமிடம் ஊறவிடுங்கள்.

சுவை மங்கினால் கம்பியை வீசாதீர்கள். பஞ்சை உருவிவிட்டு, குறைந்த வாட்டில் மங்கிய சிவப்பாகும்வரை விட்டுவிட்டுச் சூடாக்கி, ஆறியதும் கழற்றி அலசி உலர்த்துங்கள். பஞ்சு மட்டும் புதிது.