நியூசிலாந்துக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்கு

டிரவுட் மீன் பிடிக்க நியூசிலாந்து போகிறீர்களா? முதலில் உங்கள் பூட்ஸின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அடி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு அங்குள்ள ஆறு, ஏரிகளில் மீன் பிடிக்க 2008 முதல் தடை. காரணம், டிடிமோ என்ற நுண்பாசி. 2004இல் தெற்குத் தீவின் ஆறு ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார்கள். கற்களின் மேல் அழுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் படர்ந்துவிடும். ஒரு சொட்டு ஈரம் போதும், அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். ஃபெல்ட்டோ லேசில் காயாது. ரப்பர் அடிதான் சரி.

பழைய தூண்டில், கைவலை, நீரில் இறங்கப் போடும் உடை எல்லாவற்றையும் மண், பாசி ஒட்டாமல் கழுவுங்கள். தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று தெரிந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் காயவிடுங்கள். அங்கே ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே வேலைதான். அலுப்பாக இருக்கும், ஆனாலும் தயவுசெய்து செய்யுங்கள். பாசி ஏறிய ஆற்றிலிருந்து அதை அகற்ற இதுவரை வழி இல்லை.

போய் இறங்கும்போது வருகைப் படிவத்தில் இந்தச் சாமான்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விழலாம். அப்புறம் உரிமம்: டௌப்போ ஏரிப் பகுதிக்குத் தனியாக எடுக்க வேண்டும், மற்ற இடங்களுக்கான உரிமம் அங்கே செல்லாது.