குட்டிக் குதிரைக்கு ஆயில் பெயின்ட்: பூசித் துடைக்கும் முறை

28 மில்லிமீட்டர் அளவிலான குட்டிப் பொம்மைக் குதிரைப்படை வாங்கிப் பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தெரியும், வீரனை முடித்த கை குதிரையிடம் வந்ததும் நின்றுவிடும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட்டில் தசையின் மேடுபள்ளத்தைக் குழைத்துக் காட்டுவதற்குள் பெயின்ட் காய்ந்துவிடுகிறது. ஆயில் பெயின்ட் நமக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும்.

குதிரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒரு பாட்டில் மூடிமேல் ஒட்டுங்கள். இனி மூடியை மட்டும்தான் பிடிக்க வேண்டும். என் முதல் குதிரையின் பின்புறத்தில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது. பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் அடித்து, மேலே அக்ரிலிக்கில் ஆரஞ்சு கலந்த வெளிர்பழுப்பு பூசி, ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

மறுநாள் ஆயில் பெயின்ட்டில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) ஒரு பங்கு, மொத்தம் ஒரு பட்டாணி அளவு, சொரசொரப்பான அட்டையில் பிதுக்கி அரைமணி நேரம் வையுங்கள். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி சுற்றிலும் எண்ணெய் படரும். எண்ணெய் போனால் பளபளப்பும் குறையும்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, பழைய பிரஷ்ஷை ஒயிட் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர்) லேசாகத் தொட்டு, கலவையை உடம்பு முழுக்க மெல்லியதாகத் தேயுங்கள். ஸ்பிரிட் அதிகமானால் வயிற்றடியில் தேங்கும். இப்போது குதிரை சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

பத்து நிமிடம் கழித்து, உலர்ந்த மேக்கப் ஸ்பாஞ்சால் அழுத்தாமல் துடையுங்கள்: கழுத்திலிருந்து தோளுக்கு, முதுகிலிருந்து விலாவுக்கு. மேட்டில் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும், பள்ளத்தில் பழுப்பு தங்கும். ஸ்பாஞ்சின் சுத்தமான பக்கத்தை அடிக்கடி திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசுவீர்கள். ரொம்பத் துடைத்துவிட்டீர்களா? சரி, மறுபடி பூசுங்கள்.

அப்புறம் கால்கள். செம்பழுப்புக் குதிரைக்கு முட்டிக்குக் கீழே கறுப்பு. பழுப்பு ஈரமாக இருக்கும்போதே குளம்புப் பக்கமிருந்து ஐவரி பிளாக் என்ற கறுப்பு ஆயில் பெயின்ட்டை வைத்து, இரண்டும் சேரும் இடத்தைக் காய்ந்த பிரஷ் நுனியால் ஒத்தி ஒத்தி எடுங்கள். கோடு கரைந்துவிடும். இந்த இரண்டு மில்லிமீட்டருக்கு அக்ரிலிக்கில் அரைநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

துடைத்த ஸ்பாஞ்சையும் துணியையும் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆயில் பெயின்ட்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடாகி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்துப் போடுங்கள்.

குதிரைமேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூன்று நாள் விடுங்கள், மழைக்காலமென்றால் ஒரு வாரம். அம்பரைவிடக் கறுப்பு மெதுவாகத்தான் காயும், அதனால் காலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு பளபளக்காத மேட் வார்னிஷ். பிடரியும் வாலும் சேணமும் அதற்குமேல் அக்ரிலிக்கில்.